ஸ்பிரிங்கை அடக்க வந்தவன்

ஆபீசுக்குப் போகிற காரையே ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் ஓட்டப் போகிறேன் என்று கிளம்புகிறவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஸ்பிரிங்தான். சிவப்போ நீலமோ பெயின்ட் அடித்த நாலு ஸ்பிரிங், கம்பெனி ஸ்பிரிங்கைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. மாட்டிய மறுநிமிடம் வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்துவிடும். பார்க்க மிரட்டலாகத்தான் இருக்கும். ஷாக் அப்சார்பர் மட்டும் கம்பெனி கொடுத்தது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிக் களைத்தது, அப்படியே கிடக்கும். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அந்த வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது நடப்பது புதிய சங்கதி அல்ல. நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸின் நெடுஞ்சாலைகளில் நடந்த அதே கூத்துதான். ஸ்பிரிங் இருக்கிறது, அதை அடக்க ஆள் இல்லை.

அந்த ஆளைத் தேடிய கதைதான் ஷாக் அப்சார்பர் பிறந்த கதை. சொகுசுக் காரில் முதலாளி குலுங்காமல் போகவேண்டும் என்று யோசித்து அதைப் பெற்றெடுக்கவில்லை. ஊர் போகிற சாலையிலேயே பந்தயம் ஓடிய காலத்தில், பந்தயக்காரர்களின் அவஸ்தையில் பிறந்தது அது. அன்றாடச் சாலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே வண்டி என்ற சிக்கலை ஏதோ இன்றைய பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் ஷாக் அப்சார்பரின் சொந்த ஊர்.

ஸ்பிரிங் அதைவிட ரொம்பப் பழசு. லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டித் தயாரிப்பாளர், முட்டை வடிவத்தில் வளைத்த எஃகுப் பட்டைகளுக்கு 1804-இல் காப்புரிமை வாங்கினார். அதுவரை குதிரை வண்டியின் கூண்டைத் தோல் வாரில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். எஃகுப் பட்டை வந்ததும் கனத்த அடிச்சட்டம் தேவையில்லாமல் போனது. நம் ஊர்ப் பெரிய வீட்டு வாசல்களில் நின்ற வில்வண்டியும் இந்தப் பரம்பரைதான். மொட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வித்தியாசம் மாட்டில் இல்லை, அச்சுக்கு மேலே இருந்த பட்டையில் இருந்தது.

பட்டை ஸ்பிரிங்கில் ஒரு மறைமுக வசதி உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலே ஆட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். ஓட்டமும் நடையுமாகப் போகிற குதிரைக்கும் மாட்டுக்கும் அது போதும். துரு ஏறினால் உரசல் கூடி வண்டி முறைக்கும், கிரீஸ் வைத்தால் மெத்தென்று ஆகி ஊஞ்சலாடும். அவ்வளவுதான் அதில் கிடைத்த அட்ஜஸ்ட்மென்ட்.

மோட்டார் கார் வந்து இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது. 1903-இல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயம் நடந்தது. வழியெல்லாம் விபத்து, சாவு என்று ஆகி, போர்தோவிலேயே அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. அதுவரைக்கும் முதலில் வந்த பெர்னாண்ட் காப்ரியேல், மோர்ஸ் காரில் மணிக்கு சராசரி 105 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தார். தார் போடாத சாலை, வில்வண்டிக் காலத்துப் பட்டை, ஒல்லி டயர். அந்த வேகத்தில் சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் பட்டை அழுந்தி மீளும், மீண்டது மறுபடி அழுந்தும். நாலைந்து ஆட்டம் முடிவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். சக்கரம் அந்தரத்தில் இருக்கிற நேரம் தரையில் இருக்கிற நேரத்தோடு போட்டி போடும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தால் வண்டியைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, இழுக்கவும் முடியாது. (இந்த காப்ரியேலுக்கும் பின்னால் வரப்போகும் கேப்ரியல் ஷாக்குக்கும் உறவு எதுவும் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.)

இந்த ஆட்டத்துக்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் த்ருஃபோ என்ற பிரெஞ்சுக்காரர். முதலில் சைக்கிளின் முன் கவைக்குத்தான் அதைச் செய்து பார்த்தார். ஸ்பிரிங் வைத்த கவை, கூடவே உரசி ஆட்டத்தை நிறுத்தும் ஒரு கருவி. பிறகு அதைக் காருக்குக் கொண்டுபோனார். 1904-இல் ஜெர்மனியின் டாவ்னுஸ் மலைப் பகுதியில் நடந்த கார்டன் பென்னட் கோப்பையில் லியோன் தெரி, த்ருஃபோவின் கருவி பூட்டிய ரிச்சார் பிரேசியே காரில் ஓடி, சொந்த மண்ணில் நின்ற மெர்சிடிஸைத் தோற்கடித்தார். அடுத்த வருஷம் பிரான்ஸின் ஓவெர்ன் மலைச்சாலைகளிலும் கோப்பை அவருக்கே. எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் இந்தக் கருவியின் உரிமையை வாங்கிக்கொண்டுபோய் அங்கே தன் பெயரில் விற்கத் தொடங்கினார்.

ஹார்ட்ஃபோர்ட் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதற்கா இவ்வளவு பேர் என்று தோன்றும். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு எஃகுக் கைகள். ஒன்றின் நுனி வண்டியின் சட்டத்தில், மற்றதன் நுனி அச்சில். இரண்டும் சேருமிடத்தில் வட்டத் தகடுகள், அவற்றுக்கு நடுவே மரத்தாலோ தோலாலோ ஆன வட்டுகள். எல்லாவற்றையும் கோத்து நடுவில் ஒரு போல்ட், அதன்மேல் நட்சத்திர வடிவில் ஒரு வாஷர். சக்கரம் ஏறி இறங்கும்போது கத்தரிக்கோல் திறந்து மூடும், வட்டு தகட்டில் உரசும், ஆட்டம் சூடாக மாறிக் காற்றில் போய்விடும். போல்ட்டை முறுக்கினால் இறுக்கம், தளர்த்தினால் இளக்கம். புகாட்டி டைப் 35 பந்தயக் காரிலும் இந்த மாதிரி உரசல் கருவிதான் இருந்தது. ஸ்பேனர் ஒன்று இருந்தால் போதும், காலையில் பந்தயத்துக்கு முறுக்கி, மாலையில் வீட்டுக்குத் தளர்த்திக்கொண்டு போகலாம். பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கிற இன்றைய அட்ஜஸ்டபிள் ஷாக்கின் குமிழ் செய்வதும் இதே வேலையைத்தான்.

ஆனால் உரசலுக்குப் பிறவிக் குணம் ஒன்று உண்டு. நிறைந்த பீரோவைத் தள்ளிப் பாருங்கள்: அசைகிறவரைக்கும் அடம் பிடிக்கும், அசைந்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஹார்ட்ஃபோர்டும் அப்படித்தான். சின்னச் சொரசொரப்பில் அசையவே அசையாது, அதிர்ச்சி அப்படியே முதுகெலும்புக்கு வரும். பெரிய பள்ளத்தில் விழும்போது, எங்கே பிடித்து நிறுத்தவேண்டுமோ அங்கே விட்டுக்கொடுத்துவிடும். வேண்டியதற்கு நேர்மாறு.

இதற்கிடையில் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் வேறு வழி பிடித்தார். காருக்கு ஹாரன் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். தேவதூதன் கேப்ரியலின் ஊதுகொம்பை நினைத்துக் கம்பெனிக்குக் கேப்ரியல் என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய ‘ஸ்னப்பர்’ ஒரு பட்டை வார்தான். சட்டத்தில் பொருத்திய உருளைக்குள் வாரைச் சுற்றி, அதன் நுனியை அச்சில் கட்டியிருக்கும். சக்கரம் மேலே வரும்போது வார் தளர்ந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைச் சுருட்டிக்கொள்ளும், தடை ஏதும் கிடையாது. சக்கரம் திரும்பக் கீழே போகும்போது மட்டும் வார் உரசிப் பிடித்து நிறுத்தும். மேட்டில் ஏறுவதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளட்டும், அது துள்ளித் திரும்புவதைத்தான் அடக்கவேண்டும் என்ற இந்தப் புத்தி இன்றும் பழுதில்லை. இப்போதும் சாதாரணக் காரின் ஷாக்கில் விரிவுத் தடை, அமுக்கத் தடையைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாகவே இருக்கும்.

ஃபாஸ்டர் தன் சொத்தில் பெரும்பகுதியை 1952-இல் ஒரு விருந்து வைத்து ஊரின் பொது நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பெயர் மட்டும் கடல் தாண்டியது. 1961-இல் கேப்ரியல் இந்தியா தொடங்கியது, ஓசூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. நம் ஊர் மெக்கானிக் “கேப்ரியல் போட்டுரலாமா சார்?” என்று கேட்கும்போது, கிளீவ்லண்டின் ஹாரன் கடை அவருக்குத் தெரியவேண்டியதில்லை.

உரசலின் இடத்தை எண்ணெய் பிடித்தது. பிரான்ஸின் மொரிஸ் ஹூதாய், உருளைக்குள் எண்ணெயை நிரப்பி, ஒரு தகடு அதைச் சிறு துளை வழியாகத் தள்ளும்படி செய்தார். எண்ணெயின் குணம் பீரோவின் குணத்துக்கு எதிர். மெதுவாகத் தள்ளினால் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் மறிக்கும். 1927 கடைசியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ, ஹூதாய் வகை ஷாக்கை நாலு சக்கரத்திலும் கம்பெனியிலிருந்தே பூட்டி வந்தது. அதோடு பந்தயக்காரர்களின் சாமான் சம்சாரிகளின் சாமான் ஆகிவிட்டது.

வெறும் துளைக்கும் ஒரு கோளாறு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்காகும். வளைவில் வண்டி சாய்வது மெதுவான அசைவு, சக்கரத்தின் வேகம் வினாடிக்குச் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். அங்கே துளை போதிய தடை தராது. பள்ளத்தில் விழும்போது அது அரை மீட்டரையும் தாண்டும். அங்கே துளை கல்லாகிவிடும். அதனால்தான் நல்ல ஷாக்கின் பிஸ்டனில் வெறும் ஓட்டை இல்லாமல், அதன்மேல் மெல்லிய எஃகு வட்டுகள் அடுக்கியிருக்கிறார்கள். காகிதத்தைவிடச் சற்றே தடித்த வட்டுகள், பெரியதின்மேல் சிறியது என்று கோபுரம் மாதிரி. எண்ணெய் அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் வட்டுகளின் ஓரம் வளைந்து வழி திறக்கும். மெதுவான அசைவுக்கு முறைப்பு, வேகமான அடிக்கு இளக்கம். விலை உயர்ந்த ஷாக்குக்கும் மலிவு ஷாக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால் பங்கு இந்த வட்டு அடுக்கில்தான் இருக்கிறது. வெளியே தெரிகிற மஞ்சள் பெயின்டில் இல்லை.

ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர் மொரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் காடிலாக்குக்குப் போன இங்கிலாந்துக்காரர். 1932-இல் ஒரு பெரிய லிமசின் காரில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும்படி ஒரு சோதனை வண்டி கட்டி, ஆட்களை உட்கார வைத்து ஓட்டினார். அதுவரை முன் ஸ்பிரிங் முரடு, பின் ஸ்பிரிங் மெத்து என்பதுதான் வழக்கம். ஓலி அதைத் தலைகீழாக்கினார். மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம்தான். பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் தாமதமாகக் கிளம்பியும் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும், தலையாட்டம் அடங்கும். இன்றும் பின் ஸ்பிரிங்கைச் சற்று அதிக அதிர்வெண்ணில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த அதிர்வெண் கணக்கு, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரருக்கும் வேண்டியது. சாதாரணக் கார் வினாடிக்கு 1 முதல் 1.5 தடவை ஆடும். ஸ்போர்ட்ஸ் கார் 1.5 முதல் 2. டிராக்குக்கு மட்டும் என்று வைத்திருக்கும் வண்டி 2-ஐத் தாண்டும். ஆபீசுக்கும் போகிற வண்டியில் 2-ஐத் தொட்டால் வீட்டில் யாரும் கூட ஏறமாட்டார்கள். இது என் கட்சி, எதிர்க்கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள்.

குழாய் வடிவ ஷாக் 1930-களிலிருந்து மெல்ல மெல்ல மற்றவற்றை ஒதுக்கியது. மிச்சிகனின் மன்றோ நகரில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பு செய்துகொண்டிருந்த கம்பெனி, 1926-இலேயே ஷாக்குக்கு மாறியிருந்தது. பம்பில் இருப்பதும் குழாயும் பிஸ்டனும்தான், வேலை கற்ற கைகளுக்கு அந்நியமில்லை. கை ஒன்று ஆடி எண்ணெயைத் தள்ளும் பழைய நெம்புகோல் வகை ஷாக்கை எம்ஜிபி கார் மட்டும் 1980 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் பிடிவாதம்.

அடுத்த திருப்பம் ஏர்ல் மக்பெர்சன். ஜெனரல் மோட்டார்ஸில் செவ்ரோலெ கேடட் என்ற சின்னக் காருக்காகத் திட்டமிட்டவர், 1947-இல் அந்தக் காரைக் கைவிட்டதும் ஃபோர்டுக்குப் போனார். ஷாக் குழாயையே தூணாக்கி, அதன்மேல் ஸ்பிரிங்கைச் செருகி, சக்கரத்தைப் பிடித்திருந்த மேல் கையை ஒழித்துவிட்டது அவருடைய யோசனை. ஸ்ட்ரட் என்று நாம் சொல்வது இதைத்தான். 1950 வாக்கில் ஃபோர்டின் ஐரோப்பியக் கார்களில் வந்தது. இன்று நம் தெருவில் நிற்கிற ஏறக்குறைய எல்லா ஹேட்ச்பேக்கின் முன்பக்கமும் அதுதான். மலிவு, இடம் மிச்சம். ஆனால் ஷாக்குக்குப் புதுச் சுமை ஒன்று வந்து சேர்ந்தது. அடக்குவதோடு வண்டியின் பக்கவாட்டுத் தள்ளலையும் அதுவே தாங்கவேண்டும்.

பந்தயத்தில் எண்ணெய்க்கும் ஒரு சோதனை காத்திருந்தது. சாதாரண ஷாக்கில் குழாய்க்குள் குழாய் இருக்கும். வெளிக்குழாயில் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் காற்று. கரடுமுரடான சாலையில் அரை மணி நேரம் விடாமல் அடித்தால் சூடேறிய எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடும். நுரைக்குத் தடுக்கும் பலம் கிடையாது. காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி பத்தாவது சுற்றில் ஊஞ்சலாடும். பிரெஞ்சு விஞ்ஞானி கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்பன் இதற்கு ஒற்றைக் குழாய் கண்டார். எண்ணெயை ஒரு பக்கமும் உயர் அழுத்த நைட்ரஜனை மறுபக்கமும் வைத்து, நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்றைப் போட்டுப் பிரித்துவிட்டார். நைட்ரஜன் எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் நுரை எழும்பாது. சூடும் ஒரே சுவர் வழியாக நேரே வெளியே போய்விடும்.

அந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமையை வாங்கியது ஜெர்மனியின் என்னெப்பெட்டால் நகரத்து பில்ஸ்டீன். 1873-இல் ஜன்னலுக்குக் கொண்டி, கீல் செய்வதில் தொடங்கி, குரோமியம் பூசிய பம்பர், ஜாக்கி என்று வந்த குடும்பம். 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் ஒற்றைக் குழாய் ஷாக் தொடர் உற்பத்திக்கு வந்தது. பில்ஸ்டீன் ஸ்ட்ரட்டைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவதற்கும் காரணம் மக்பெர்சன் வைத்த சுமைதான். ஒல்லித் தண்டு மேலே நின்று வளையாமல், தடித்த குழாயே பக்கச் சுமையை வாங்கிக்கொள்கிறது.

நெதர்லாந்தின் கோனி இன்னும் பழைய வீடு. 1857-இல் குதிரை வண்டிச் சாமான்கள் செய்யத் தொடங்கி, 1932-இல் ஷாக்குக்கு வந்தது. விரிவுத் தடையைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் தனி அடையாளம். பழைய மாடலில் ஷாக்கைக் கழற்றி, முழுக்க அமுக்கி, அடியில் இருக்கும் பல்லில் கொக்கி மாட்டும் வரை தண்டைத் திருப்பவேண்டும். வண்டியிலிருந்து இறக்காமல் முடியாது, ஆனாலும் வேலை செய்தது. ஷாக் தேயத் தேயக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது கஞ்சர்களுக்கு இனித்த செய்தி.

சாலை வண்டியே பந்தய வண்டி என்ற வழக்கத்தைக் கடைசிவரை விடாதவர்களில் ஜெர்மானியர்களைச் சொல்லவேண்டும். 1927-இல் திறந்த நூர்பர்க்ரிங்கின் வடக்கு வளையம் 20.8 கிலோமீட்டர். குறிப்பிட்ட நாட்களில் கட்டணம் கட்டி யாரும் தங்கள் சாலை வண்டியை அங்கே ஓட்டலாம். ஓட்டிவிட்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போகவேண்டும். அந்தத் தேவையில்தான் 1990-களில் கேடபிள்யூ போன்ற கம்பெனிகளின் காயில் ஓவர் வளர்ந்தது. ஷாக்கின் உடம்பில் மரை வெட்டி, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. ஜெர்மனியில் அதை மாட்டினால் சான்றிதழ் காட்டிப் பதிவிலும் ஏற்றவேண்டும்.

அமெரிக்காவின் எஸ்சிசிஏ கிளப் நடத்தும் கோன் பந்தயம் இன்னொரு விதம். காலி மைதானத்தில் கோன்களை நட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் எடுப்பார்கள். அதில் ‘ஸ்ட்ரீட்’ பிரிவின் விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பிரிங்கைத் தொடக்கூடாது. ஷாக்கை மாற்றலாம். முன்போ பின்போ ஒரு ஆன்ட்டி ரோல் பாரை மாற்றலாம். டயர் சாலை டயராக இருக்கவேண்டும். செலவைக் கட்டுப்படுத்தப் போட்ட விதிதான், ஆனால் எந்த வரிசையில் வாங்கவேண்டும் என்ற பாடத்தையும் அதிலேயே வைத்துவிட்டார்கள்.

முதலில் சொன்ன வண்டிக்கு வருவோம். ஸ்பிரிங்கின் இறுக்கத்தை 30 சதவீதம் கூட்டினால், பழைய அடக்கம் அப்படியே இருக்க ஷாக்கின் தடையை 14 சதவீதம் கூட்டவேண்டும். ஸ்பிரிங் இரட்டிப்பானால் 41 சதவீதம். இது வர்க்கமூலக் கணக்கு, யாருடைய அபிப்பிராயமும் இல்லை. நல்ல ஷாக் உள்ள சாலைக் கார் ஒரு முறை ஆடி வந்ததும், ஆட்டத்தில் ஏழில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். தேய்ந்த ஷாக்கில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கலாம். அதன்மேல் முரட்டு ஸ்பிரிங்கையும் ஏற்றினால் நாம் 1903-க்கே போய்விடுகிறோம். வண்டி உட்கார்ந்திருப்பதால் வேகமாகத் தெரியும், ஸ்டாப் வாட்ச் வேறு கதை சொல்லும். பானட்டை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பது நம் மெக்கானிக்குகளின் சோதனை. அது செத்த ஷாக்கைக் காட்டிக்கொடுக்கும், சாகக் கிடப்பதைக் காட்டாது. தண்டைச் சுற்றி எண்ணெய்க் கசிவு, டயரில் விட்டுவிட்டு வரும் மேடு பள்ளத் தேய்மானம் இவற்றையும் பார்க்கவேண்டும்.

இறக்குவதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. சக்கரம் மேலே வர எட்டு சென்டிமீட்டர் இடம் இருந்த வண்டியை நாலு சென்டிமீட்டர் இறக்கினால், மிச்சம் நாலுதான். நம் வேகத்தடை ஒன்று போதும், பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் இடிக்கும். வளைவின் நடுவில் இடித்தால் அந்தச் சக்கரம் அந்தக் கணமே கல்லாகிப் பிடி விடும். ஸ்ட்ரட் வண்டியில் இதைவிடப் பெரிய கண்ணியும் உண்டு. கீழ்க்கை மட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அது சாயும் மையம் அதிகமாக இறங்கிவிடும். சாய்வதைக் குறைக்க இறக்கிய வண்டி, அதே ஸ்பிரிங்கோடு இருந்தால் கூடுதலாகச் சாயும். இதைக் காட்டினால் நம்புகிறவர்கள் குறைவு, இறக்கியவர்கள் நம்புவதே இல்லை.

சாய்வைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. கனடாவின் ஃபிரடெரிக்டனைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் 1919-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குக் கம்பி, அதுதான் ஆன்ட்டி ரோல் பார். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது சும்மா இருக்கும், ஒன்று மட்டும் ஏறினால்தான் முறுக்கிக்கொண்டு தடுக்கும். முன் சக்கரம் இழுக்கிற கார் வளைவில் நேராகவே போகப் பார்க்கும். பின்பக்கம் சற்றுத் தடித்த பார் மாட்டினால் அந்த அடம் குறையும், ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். அளவு மிஞ்சினால் மழையில் பின்பக்கம் முந்திக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் செய்த முடிவை நவம்பர் மழையில் ஜிஎஸ்டி ரோட்டில் நினைத்துப் பார்க்கவேண்டும்.

காசு அதிகம் போகாத இன்னொரு வேலை, சக்கரத்தின் கேம்பர். சக்கரத்தின் தலை உள்ளே ஒன்றரை பாகை சாய்ந்திருந்தால் வளைவில் டயர் முழுசாகப் படியும். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, சரியாக இருந்தால் இந்த அளவுக்குப் பெரிய தேய்மானம் இருக்காது. டயரைத் தின்பது பெரும்பாலும் தப்பான டோதான், பழி கேம்பர்மேல் விழுகிறது.

காயில் ஓவர் வேண்டுமா? நல்லது வாங்கக் காசு இருந்தால் வாங்கலாம். குமிழில் முப்பத்திரண்டு கிளிக் என்று விளம்பரம் செய்யும் மலிவுச் சாமான் வேண்டாம். அந்தக் கிளிக்குகளில் பல ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாமல் இருக்கும், நாலு ஷாக்கும் நாலு விதமாகவும் இருக்கும். குமிழைத் திருகித் திருகி ஓட்டுநர் தன் குறையை வண்டியின்மேல் போட்டுக்கொண்டே இருப்பார். அதே காசுக்கு, குமிழே இல்லாத ஒரு நல்ல ஒற்றைக் குழாய் ஷாக் நாலும் கம்பெனி ஸ்பிரிங்கும் இருந்தால் காலையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு, டிராக்குக்கும் போய் வரலாம். மேல் மவுன்ட் ரப்பரையும் கீழ்க்கை புஷ்ஷையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். கிழிந்த புஷ்ஷில் மாட்டிய புது ஷாக் பாதி வேலைதான் செய்யும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. அதனால் மாற்றியதை இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மறைக்கவேண்டாம்.

பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால் ஷாக்கை வாங்குங்கள், ஸ்பிரிங் அடுத்த வருஷம் வரை பொறுக்கட்டும். டயர் நாலு வருஷப் பழசு என்றால் ஷாக்கும் பொறுக்கட்டும், முதலில் டயரை மாற்றுங்கள்.